ஜோடி காட்டும் நேரம்

கீரனூத்துப்பாளையத்தில் வெயில் சாய்ந்துவிட்டால் நாற்பது வயதைத் தாண்டிய சில பேர் கையில் யாரும் சூடான டீயைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அது கொடுத்தவர் தலையில்தான் கொட்டும் என்பது டீக்கடைக்காரருக்கும் தெரியும், குடிக்கிறவர்களுக்கும் தெரியும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த போஸ்ட் மாஸ்டருக்கு மட்டும் தெரியாமல் இருந்து, அவரும் ஒரு நாள் சட்டையைப் பாழாக்கிக்கொண்டு தெரிந்துகொண்டார். நாலு மணி சுமாருக்கு அந்தச் சில பேர் காதில் மட்டும் ஒரு விசில் கேட்கும். கேட்ட கணத்தில் அவர்கள் எங்கே என்ன வேலையாக இருந்தாலும் ஒரு கை தானாகத் தலைக்கு மேலே போகும், போன கையை இன்னொரு கை வந்து பிடித்துக்கொள்ளும். அந்த இன்னொரு கை யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அது ஈரமாக இருக்கும், அதிலிருந்து தண்ணீர் வழிந்து முழங்கை வரை இறங்கிச் சட்டையை நனைக்கும், அந்தத் தண்ணீரில் பாசி வாசம் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது விசில் வரும், கை இறங்கும், அவரவர் துணியைப் பிழிந்துகொண்டு விட்ட வேலையைத் தொடர்வார்கள்.

அவர்கள் எல்லோரும் பஞ்சு மில் தொழிலாளிகளின் பிள்ளைகள். மில் ஓடிய காலத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை லாரியில் ஏற்றிப் புகைமலைக்குக் கொண்டுபோய், தகரக் கொட்டகைகளில் தங்கவைத்து, காலையில் உடற்பயிற்சி, மத்தியானம் பாட்டு, சாயங்காலம் குளியல் என்று ஒரு மாதம் வைத்திருந்து, கறுத்துக் கொழுத்துப்போனவர்களாகத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குக் கோடை முகாம் என்று பெயர். மலை ஓடை தேங்கி நிற்கும் ஒரு மடுவில்தான் குளியல். தண்ணீரில் இறங்குகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி உண்டு. டிரில் மாஸ்டர் ஆரோக்கியம் பாறை மேல் நின்று விசில் ஊதி 'ஜோடி' என்று கத்தினால், எந்த மூலையில் இருந்தாலும் தன் ஜோடியைத் தேடிப் பிடித்துக் கையைக் கோத்து உயர்த்திக் காட்ட வேண்டும். மாஸ்டர் கைகளை எண்ணி முடித்து இரண்டாவது விசில் ஊதும் வரை யாரும் விடக்கூடாது. பிறகு மில் மூடியது, முகாம் மூடியது, மாஸ்டர் போய்ச் சேர்ந்தார், தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள், மடுவைச் சுற்றி முள் மண்டியது. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போய், கலியாணம் கட்டி, நரைத்து, ஒருவரை ஒருவர் அநேகமாக மறந்தே போயிருந்த ஒரு சித்திரையில்தான் விசில் கேட்க ஆரம்பித்தது.

ஏன் கேட்கிறது என்று ஊர் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஜோசியர் ஒன்று சொன்னார், ஹோமியோபதி டாக்டர் ஒன்று சொன்னார், இரண்டையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஊருக்கு அதைவிட அவசரமான காரியங்கள் இருந்தன. டவுன் பஸ் ஓட்டுகிற குழந்தைவேலு முகாம் பிள்ளை; ஆகவே நாலு மணி பஸ் வேப்பமரத்தடியில் நின்று, விசில் வந்துபோன பிறகுதான் கிளம்பும் என்று டிப்போவில் நேரத்தையே மாற்றிக்கொடுத்தார்கள். கவுன்சிலர் தங்கமுத்து முகாம் பிள்ளை; பேரூராட்சிக் கூட்டம் சாயங்காலம் வரை இழுத்துக்கொண்டுபோன ஒரு நாளில் அவர் கை மேலே போனதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டு, அவர் காலமெல்லாம் எதிர்த்துவந்த சாக்கடைத் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து கூட்டம் காலையில்தான். மேலத்தெருவில் ஜாக்கெட் தைக்கும் சாந்தாமணி முகாம் பிள்ளை. அவளிடம் துணி கொடுக்கிற பெண்கள் நாலு மணிக்கு அளவு கொடுக்க வருவதை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அளவு நாடாவோடு அவள் இடக்கை மேலே போய்விடும், கழுத்தில் நாடா சுற்றியவள் பாடு திண்டாட்டம்.

முதலில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. கையை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள். இது பம்பரம் விட்டு நகம் பெயர்ந்த விரல், இது எப்போதும் வியர்க்கிற உள்ளங்கை என்று கண்டுபிடித்து, சொந்தக்காரர்களிடம் விசாரித்து, போன் நம்பர் வாங்கி, குழந்தைவேலு எல்லோரையும் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்து, காலையில் வணக்கம், பண்டிகைக்கு வாழ்த்து, பேரன் பிறந்தால் படம் என்று போட ஆரம்பித்தார்கள். சாந்தாமணியின் ஜோடி நசீமா. மில் காலனியில் எதிர்வீடு, முகாமில் பக்கத்துப் பாய். அவள் அத்தா வேலை போனதும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போனவர், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நம்பர் கிடைக்காத ஒரே ஜோடி அவர்கள்தான். ஆனாலும் சாந்தாமணிக்குக் குறை இல்லை. நசீமாவின் ஆள்காட்டி விரலில் கத்தி பிடித்த காய்ப்பு இருந்தது, மணிக்கட்டில் கண்ணாடி வளையல் உரசியது, நல்ல நாட்களில் அவள் விரலை விரலால் தட்டுவாள், சாந்தாமணியும் தட்டுவாள். புருஷன் துரைசாமியிடம்கூடச் சொல்லாத சில விஷயங்களை அவள் அந்தத் தட்டலில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வாள்.

முகாமில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அதை எல்லோரும் மறந்திருந்தார்கள். ஜோடி காட்டும்போது ஒற்றைக் கை ஒன்று ஜோடி இல்லாமல் நின்றால், யாரோ தண்ணீருக்குள் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அப்போது மாஸ்டர் விசிலை நிறுத்தவே மாட்டார். எல்லாப் பிள்ளைகளும் பக்கத்தில் இருப்பவர்களின் கையைப் பிடித்து ஒரே சங்கிலியாகி, காலால் அடியைத் துழாவிக்கொண்டே மடுவுக்குள் நடக்க வேண்டும். அந்தக் காலத்தில் அப்படித் தேடியபோதெல்லாம், காணாமற்போனவன் பாறைக்குப் பின்னால் ஒன்றுக்கு இருந்துகொண்டிருப்பான், உதை வாங்குவான், அதோடு முடிந்துவிடும்.

மரக்கடை வீரமணியின் ஜோடி சூரத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த மறுநாள், வீரமணியின் கை ஒற்றையாக நின்றது. விசில் நிற்கவில்லை. முகாம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இரண்டு பக்கத்திலும் கைகள் வந்து பிடித்துக்கொண்டன, கால்கள் அவர்களைக் கேட்காமல் கிளம்பின. சாந்தாமணி தையல் மிஷினை விட்டு எழுந்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தபடி, செருப்பில்லாமல், மேலத்தெரு வழியாக ஊர்க்குளத்துக்கு நடந்தாள். வழியில் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கு அவளால் பதில் சொல்ல முடிந்தது, நிற்க மட்டும் முடியவில்லை. தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது துரைசாமி பின்னால் நீந்திவந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, விசில் நிற்கும் வரை கத்திக்கொண்டிருந்தான். குழந்தைவேலுவைப் பயணிகள் வாய்க்காலிலிருந்து இழுத்தார்கள். ரங்கநாயகி டீச்சரும் முகாம் பிள்ளை; அவளுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் அவள் வீட்டுக் கிணறு. வீட்டில் அன்றைக்கு யாரும் இல்லை.

டீச்சருக்கும் ஒரு ஜோடி இருந்தாள், மறுநாள் அந்த ஜோடியின் கை ஒற்றையாக நிற்கும் என்பது முதலில் குழந்தைவேலுவுக்குத்தான் உறைத்தது. அவன் விடியற்காலையிலிருந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டான். மத்தியானத்துக்குள் ஊரில் இருந்த தேங்காய்நார்க் கயிறு முழுவதும் விற்றுப்போயிற்று. தூணில், தறியில், பஸ் ஸீட்டில், உரலில் என்று அவரவரைக் கட்டிப்போட்டார்கள். கயிறு தோலை உரித்தது, வாய்விட்டு அழுதார்கள், ஆனால் அன்று யாரும் சாகவில்லை. தேடி முடித்த பிறகு வீரமணிக்கும் டீச்சரின் ஜோடிக்கும் விசில் கேட்பது நின்றுவிட்டது.

அதன் பிறகு கீரனூத்துப்பாளையத்தில் 'நல்லா இருக்கீங்களா' என்பது நிஜமான கேள்வியாகிவிட்டது. முகம் பார்க்காத ஊர்க்காரர்கள் ஒருவர் உடம்பை ஒருவர் காவல் காக்க ஆரம்பித்தார்கள். ஈரோட்டில் ஒருத்திக்குச் சர்க்கரை ஏறினால் இங்கே நாலு வீட்டில் சோறு இறங்காது. பஹ்ரைனில் இருந்த தங்கமுத்துவின் ஜோடி சிகரெட்டை விட்டானா என்று தங்கமுத்துவின் மாமியார் தினமும் போன் போட்டுக் கேட்டாள். குடிகாரன் ஒருவனைத் திருப்பூரில் மூன்று குடும்பங்கள் முறை வைத்துக் கடைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டன. அவன் குழுவில் அழுது ஒலிப்பதிவு போட்டான், யாரும் இரங்கவில்லை. ஒரு விதத்தில் அது பாசம்தான். பயத்தில் பிறந்த பாசம், ஆனாலும் கஞ்சி கஞ்சிதான், மாத்திரை மாத்திரைதான் என்று ஊர் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டது.

இப்படி எல்லோர் ஜோடியும் கண்காணிப்பில் இருக்க, யாருக்கும் எட்டாத ஒரே உடம்பு நசீமாவுடையது. சாந்தாமணி பயப்பட ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆவணி வாக்கில் நசீமாவின் கை கொதிக்கத் தொடங்கியது. முதலில் ஒரு காய்ச்சலாக இருக்கும் என்று சாந்தாமணி விட்டுவிட்டாள். காய்ச்சல் வாரக்கணக்கில் இறங்கவில்லை. பிறகு பிடி தளர்ந்தது. முன்பெல்லாம் விரலும் விரலும் இறுகக் கோத்துக்கொள்ளும், நடுவில் ஒரு நூல் நுழையாது. இப்போது கோத்த விரல்களுக்கு நடுவில் காற்று புகுந்தது. தட்டினால் பதில் தட்டல் வருவதில்லை. ஒரு நாள் நசீமாவின் சுண்டுவிரல் முழுதாகவே நழுவிப்போய், திரும்பி வர ரொம்ப நேரம் எடுத்தது. அவள் இளைத்துக்கொண்டே போகிறாள், என்று நினைத்தாள் சாந்தாமணி. எங்கேயோ ஒரு கட்டிலில் கிடக்கிறாள், பார்க்க ஆள் இல்லை, ஒரு நாள் அந்தக் கை வராது.

அந்தக் கவலையில் அவளுக்குச் சோறு செல்லவில்லை. நாலு தையல் போட்டால் மூச்சு வாங்கியது, மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. கலியாண மோதிரம் விரலில் நிற்காமல் போகவே நூலைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். "அவளையே நெனச்சுட்டிருந்தா நீயும் படுத்துக்குவ சாந்தா" என்று துரைசாமி தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "நாலு வாய் தின்னு." அவள் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு நாய்க்கு வைத்தாள்.

ஊர் மோப்பம் பிடித்துவிட்டது. விசில் நேரத்துக்குச் சாந்தாமணியின் தையல் கடைக்கு எதிரில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். முகாம் பிள்ளைகளின் மனைவிமார்கள், மருமகள்கள், ரங்கநாயகி டீச்சரின் மகள். யாரும் சண்டை போடவில்லை. கை இறங்கியதும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"இன்னைக்கு எப்படீங்க்கா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுங்க" என்பாள் சாந்தாமணி. பொய் சொல்லும்போது அவள் துணியைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். அவர்களும் அவள் துணியைப் பார்ப்பதைப் பார்ப்பார்கள்.

கயிறு இருக்கிறதே என்று கேட்கலாம். கயிறு எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் எந்த நாள் என்று தெரியாமல் தினமும் எத்தனை பேரைக் கட்டிப்போடுவது, திருப்பூரில் தனியாக இருக்கிறவளை யார் கட்டுவது, துறைமுகத்தில் வேலை பார்க்கிறவனை அங்கே யார் நம்பிக் கட்டுவார்கள். கயிற்றைவிட நல்ல வழி ஒன்று ஊருக்குத் தெரிந்துதான் இருந்தது. வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய பங்காளிகள் இரண்டு பேர் முகாமில் ஜோடி. ஒருவன் கையை மற்றவன் தொடுவதா என்று வீம்பாக, விசில் நடுவிலேயே இருவரும் விரலைப் பிரித்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து இருவருக்கும் விசில் இல்லை. அடுத்த வருஷம் ஒருவன் பாம்பு கடித்துச் செத்தபோது யாருக்கும் சங்கிலி வரவில்லை. உயிரோடு இருக்கும்போதே விட்டுவிட்டால் கணக்கிலிருந்து கழிந்துவிடும். மிஞ்சிய பங்காளி மட்டும் இன்றைக்கும் நாலு மணிக்குத் தோட்டத்தில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தானாகவே கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கிக்கொள்வான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தங்கமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். தங்கமுத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வெட்டிப்போட்ட துணித்துண்டு ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டே பேசினார்.

"உன்னையக் கொற சொல்ல வரல சாந்தா. நானும் அந்த மடுவுல குளிச்சவன்தான். ஆனா அந்தப் புள்ள எங்க இருக்குது, என்ன சீக்குன்னு ஒருத்தருக்குந் தெரியல. நாளைக்கே ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எத்தன குடும்பம்னு நீயே நெனச்சுப் பாரு."

"அவளுக்கு ஆருமே இல்லாம இருந்தா என்னங்ண்ணா பண்றது?" என்றாள் சாந்தாமணி. "இந்தக் கை மட்டுந்தா இருக்குதுன்னு அவ கெடந்தா?"

தங்கமுத்து துணியை மடிப்பதை நிறுத்தினார். பதில் சொன்னது டீச்சரின் மகள். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "எங்கம்மாவுக்கும் ஆருமில்லீங்க்கா அன்னைக்கு" என்றாள்.

நாளைக்கு விட்டுவிடுகிறேன் என்று சாந்தாமணி சொல்லிவிட்டாள். சொன்னதும் வந்தவர்களின் முகம் தெளிந்ததைப் பார்த்து அவளுக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது, கோபத்துக்குப் பின்னால் தனக்கும் லேசாக நிம்மதி வந்ததைக் கண்டு தன் மேலேயே அருவருப்பு வந்தது. அன்று சாயங்காலம் கை வந்தபோது அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். கை கொதித்தது. தளர்ந்தே இருந்தது.

மறுநாள் மத்தியானம் குழந்தைவேலு பஸ்ஸை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தான். டிரைவர்கள் டிரைவர்களைக் கேட்டு, அவர்கள் இன்னும் தூரத்து டிரைவர்களைக் கேட்டு, வருஷக்கணக்காக அவன் விட்டுவைத்திருந்த விசாரணை ஒன்று நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு கடலோர ஊரில் போய் முட்டி நம்பராகத் திரும்பி வந்திருந்தது. மீன் கடை வைத்திருக்கிற நசீமா, சொந்த ஊர் கோயமுத்தூர்ப் பக்கம், என்று சொன்னார்களாம். "அதா இருக்கோணும். போடு, மொதல்ல போட்டுப் பேசு" என்று நம்பரைச் சொல்லிவிட்டு, பயணிகள் ஹார்ன் அடிக்கவும் ஓடினான்.

ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"நசீமாங்களா?" என்றாள் சாந்தாமணி.

அந்தப் பக்கம் அலைச்சத்தம் கேட்டது. பிறகு, "சாந்தாவா?" என்றது குரல். முப்பது வருஷம் கடந்தும் அதே கரகரப்பு.

"நாந்தா புள்ள."

"நீ உசுரோட இருக்கியா?" என்றாள் நசீமா.

சாந்தாமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நானில்ல உன்னையக் கேக்கோணும். கை அந்தக் கொதி கொதிக்குது, டாக்டருகிட்டப் போனயா இல்லியா? பிடி நிக்கவே மாட்டேங்குது. என்ன சீக்கு புள்ள உனக்கு?"

"எனக்கென்ன சீக்கு? நான் தெனம் கூடை தூக்குறவ, கல்லாட்டம் இருக்கேன்." நசீமாவின் குரல் தணிந்தது. "உன் கைதாண்டி ஐஸ் மாதிரி இருக்கு. எலும்பு எலும்பா இருக்கு. எவ்வளவு இறுக்கிப் புடிச்சாலும் வழுக்கிக்கிட்டுப் போவுது. ஆவணியிலேர்ந்து நான் உனக்காக அழுதுக்கிட்டுக் கெடக்கேன், நீ என்னையக் கேக்குற."

சாந்தாமணி தன் இடக்கையைப் பார்த்தாள். நாள் முழுக்கத் துணியைத் தள்ளுகிற கை, கண்ணுக்கு எதிரிலேயே கிடந்த கை, அதை அவள் இவ்வளவு நாள் பார்த்ததே இல்லை. நகங்கள் வெளுத்திருந்தன. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வளையல்கள் முழங்கை வரை தடையில்லாமல் போய் வந்தன. அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். சில்லென்று இருந்தது. கொதித்தது நசீமாவின் கை இல்லை; குளிர்ந்துபோனது இவள் கை. இளைத்துப்போனதும் இவள் விரல்கள்தான். மூச்சு வாங்கியதும் கண் இருட்டியதும் சோறு செல்லாமல் போனதும் நசீமாவின் கவலையால் இல்லை. சாகப்போகிறவளுக்காகப் பயந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அந்தச் சாகப்போகிறவள் இந்தக் கடையில்தான் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். பயம் அவளுக்குள் இடம் மாறி உட்கார்ந்தது. இதுவரை எட்டி நின்ற பயம் அது, இப்போது தோலுக்கு உள்ளே வந்துவிட்டது.

"சாந்தா, இருக்கியா?"

"இருக்கறேன்."

"ஏன் இத்தனை நாளா பேசலேன்னு கேக்காதே. அந்தச் சங்கிலி அன்னிக்கு நான் கடலுக்குள்ள போயிட்டேன். எங்களுக்குக் கொல்லைப் பக்கமே கடல். சின்னவன் படகுல வந்து முடியப் புடிச்சு இழுத்துப் போட்டான். மறுநாளும் அவன்தான் இழுத்தான். அதுலேர்ந்து புள்ளைங்க அந்த ஊரு பேச்சே எடுக்க உடறதில்ல. இப்ப உன் கை இப்படி ஆயிட்டுன்னு தெரிஞ்சதும், உட்டுரும்மா, அந்தப் பொம்பள கையை உட்டுரும்மான்னு கால்ல உழுந்து அழுவுறானுங்க. நானும் கொஞ்சங் கொஞ்சமா உட்டுப் பாத்தேன், முடியல. இன்னிக்கு உட்டுர்றேன்னு சத்தியம் பண்ணிட்டேன் சாந்தா."

"நானும் இன்னைக்கு உட்டர்றேன்னுதான் சொல்லியிருக்கறேன்" என்றாள் சாந்தாமணி. "நீ சாகப்போறேன்னு நெனச்சு."

அலைச்சத்தத்துக்கு நடுவில் நசீமா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றாள் நசீமா.

"எனக்குந்தா புள்ள" என்று சாந்தாமணி சொல்வதற்குள், அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் யார் போனில் என்று கேட்டது. தொடர்பு அறுந்தது. திரும்பப் போட்டால் அணைத்துவைத்திருந்தார்கள்.

துரைசாமி சாப்பிட வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவன் அவள் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் ஒரே பாயில் படுத்தும் தெரியாமல் போன தன் மடத்தனத்தை நினைத்தோ என்னவோ, எழுந்துபோய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தான். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். நாளை என்ற சொல்லே அவளுக்குப் பயமாக இருந்தது.

நாலு மணி நெருங்க நெருங்க எதிர்ப்பக்கம் கூட்டம் சேர்ந்தது. அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஆரோக்கியமான ஒருத்தி, சாகக் கிடக்கிற ஒருத்தியின் கையை விடுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். சாந்தாமணி கடை நடுவில் நின்றாள். நேற்றுவரை விடுவது துரோகமாக இருந்தது, இன்று பிடிப்பது துரோகமாக ஆகிவிட்டது. தான் போய்விட்டால், மறுநாள் சாயங்காலம் நசீமா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கடலுக்குள் நடப்பாள், சின்னவன் அன்றைக்குப் படகோடு எங்கே இருப்பானோ. அவளைக் கரையேற்ற ஒரே வழி, தானே விடுவது. அது நன்றாகப் புரிந்தது. புரிந்ததால் பயம் குறைந்துவிடவில்லை. யாரும் பிடிக்காத கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பதை நினைத்து, அவள் இடக்கையைத் தன் வலக்கையால் பற்றிக்கொண்டாள். விடாதே புள்ள, என்று மனசுக்குள் கெஞ்சினாள். உடனே, இல்லை விட்டுவிடு, நீயாவது விட்டுவிடு, என்றும் கெஞ்சினாள்.

விசில் வந்தது. இடக்கை மேலே போயிற்று. வேப்பமரத்தடியில் நின்ற பஸ்ஸில் குழந்தைவேலுவின் கையும், கூட்டத்துக்கு நடுவில் தங்கமுத்துவின் கையும் மேலே போயின. கொதிக்கிற கை வந்து சாந்தாமணியின் விரல்களுக்குள் நுழைந்தது. ஆள்காட்டி விரலின் காய்ப்பு பட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல்களைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது, தன் விரல்களே தன் பேச்சைக் கேட்கவில்லை. கட்டைவிரல் கடைசியில் பிரிந்தது. ஐந்து விரலும் நன்றாக விரிந்த உள்ளங்கையை எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். கை விழும் என்று காத்திருந்தார்கள்.

கை விழவில்லை.

விரித்த உள்ளங்கையை ஒரு கை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வராத ஒன்று வந்தது. இன்னொரு கை, கண்ணாடி வளையல் இல்லாத கை, கீழேயிருந்து ஏறி அவள் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தது. ஒரு கையாலாவது நசீமா அங்கே எதையாவது பற்றிக்கொள்ள வேண்டுமே, இரண்டையும் இங்கே கொடுத்துவிட்டு எப்படி நிற்கிறாள், பிள்ளைகள் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்களே என்று சாந்தாமணி பதறினாள். உதறிப் பார்த்தாள். மீன் கூடை தூக்குகிற கைகள் அவை. அவளால் அசைக்கக்கூட முடியவில்லை.

"உட்டாச்சா சாந்தா?" என்று தங்கமுத்து, தன் கையும் மேலே நிற்க, எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார்.

"நானு உட்டுட்டனுங்ண்ணா" என்றாள் சாந்தாமணி. "அவதான் உட மாட்டேங்கறா. சீக்கு எனக்குத்தானுங்களாமா. அவளுக்கு ஒண்ணுமில்ல."

டீச்சரின் மகள் சாந்தாமணியின் விரிந்த விரல்களைப் பார்த்தாள், மணிக்கட்டு எலும்பைப் பார்த்தாள், வெளுத்த உதட்டைப் பார்த்தாள், தினமும் வந்து நின்றும் ஒரு நாளாவது கைக்குக் கீழே இருந்த ஆளைப் பார்த்தோமா என்பது போலத் திரும்பித் தன் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு தெருவைக் கடந்துவந்து சாந்தாமணியின் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். இரண்டாவது விசில் வந்தது, எல்லோர் கையும் இறங்கியது. சாந்தாமணியின் கை இறங்கவில்லை.

தங்கமுத்து யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போய்க் காரை எடுத்துக்கொண்டு வந்தார். துரைசாமி அவளை ஏற்றி, ஒரு போர்வையைச் சுற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். கோயமுத்தூர் போய்ச் சேரும் வரை அவள் இடக்கை காரின் கூரையில் இடித்துக்கொண்டே நின்றது, தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது, தண்ணீர் வழிந்து ஸீட்டை ஊறவைத்தது. அவளுக்குப் பயம் போகவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டும்போதோ எங்கேயோ, அவள் விரித்த விரல்களை மெதுவாக மடக்கி, அந்த இரண்டு கைகளையும் திரும்பப் பிடித்துக்கொண்டாள்.